ஆங்கில வகுப்பில் யார் அதிகம் பேசுகிறார்கள்?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஆங்கிலப் பாடவேளை 60 நிமிடம். வகுப்பில் 24 மாணவர்கள். விளக்கம், வாசிப்பு, கட்டளை எல்லாம் சேர்த்து 40 நிமிடம் நீங்களே பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 20 நிமிடத்தில் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால், ஒரு மாணவனுக்குக் கிடைப்பது 50 விநாடி. அதே 20 நிமிடத்தில் இருவர் இருவராகப் பேசவிட்டால் ஆளுக்கு 10 நிமிடம். ஆசிரியர் அவரே, பாடநூல் அதே, நேரமும் அதே. மாறியது ஏற்பாடு மட்டும்தான்.

மாணவர் மையக் கற்றல் என்றதும், “பாட்டு, விளையாட்டு, மணிலா அட்டை... அவ்வளவுதானே!” என்று சிலர் நினைப்பார்கள். அப்படியல்ல. மொழியைப் பயன்படுத்தும் வேலையை யார் செய்கிறார் என்பதுதான் கேள்வி. ஆசிரியர் பாட்டுப் பாடி, ஆசிரியரே படம் காட்டி, ஆசிரியரே பதிலையும் சொல்லிவிட்டால், வகுப்பு கலகலப்பாக இருக்கும். ஆனால் அது ஆசிரியர் மைய வகுப்புதான்.

இப்போது ஏன் இது முக்கியம்?

2017 முதல் நம் நாட்டு ஆங்கிலப் பாடத்திட்டம் சி.இ.எப்.ஆர். எனும் ஐரோப்பியத் தர அளவைப் பின்பற்றுகிறது. ஆறாம் ஆண்டு முடிவில் மாணவர் எட்ட வேண்டிய நிலை ஏ2. கடையில் பொருள் வாங்குவது, வழி கேட்பது, குடும்பத்தைப் பற்றிச் சொல்வது போன்ற அன்றாடக் காரியங்களை எளிய ஆங்கிலத்தில் செய்ய முடிய வேண்டும் என்பதே அதன் பொருள். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் அகற்றப்பட்டது. ஆனாலும், கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சித்தாள்கள் இன்னும் பல வகுப்புகளில் குறையவில்லை.

விளைவு என்ன? பயிற்சித்தாளில் எல்லாம் சரியாக எழுதும் பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போய் முதலாம் படிவத்தில் வாய் திறக்கத் தயங்குகிறது. “தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது” என்ற பேச்சு அங்கேதான் வேர் பிடிக்கிறது. பெற்றோர் சிலர் அந்தப் பேச்சை நம்பித்தான் வேறு பள்ளி தேடுகிறார்கள். ஆகவே இது ஆங்கில ஆசிரியரின் கவலை மட்டுமல்ல.

மூன்று மொழி: சுமையா, முதலா?

நம் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளையும் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்துகளைப் பயன்படுத்துவதால் குழப்பம் வருவது இயல்பு. மலாயில் ‘சி’ என்ற எழுத்துக்கு எப்போதும் ‘ச்ச’ ஒலி. ஆங்கிலப் பூனையில் அது ‘க’ ஆகிவிடுகிறது. ‘ஏ, ஐ, ஆர்’ என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் காற்று. மலாயில் அதே எழுத்துகள் ‘ஆயேர்’, அதாவது தண்ணீர். ‘எம், ஏ, ஐ, என்’ ஆங்கிலத்தில் ‘முக்கிய’ என்று பொருள்படும்; மலாயில் விளையாடு! பேருந்துக்கு நடுவில் மலாயில் ‘ஏ’, ஆங்கிலத்தில் ‘யூ’. போலீசுக்கு மலாயில் கடைசி எழுத்து ‘எஸ்’.

இதைத் தவறு என்று சிவப்பு மையால் வட்டமிடுவதோடு விடாமல் பாடமாக்கலாம். பின்சுவரில் ‘மும்மொழிச் சுவர்’ ஒன்று அமையுங்கள். எழுத்து ஒன்றாய், ஒலி வேறாய் வரும் சொற்கள் ஒரு பக்கம். ஒலி ஏறக்குறைய ஒன்றாய், எழுத்து வேறாய் வரும் சொற்கள் மறுபக்கம். மாணவர்களே தேடிக் கொண்டுவந்து ஒட்டட்டும். பத்துச் சொல் சேர்ந்ததும், “இதிலிருந்து என்ன தெரியுது?” என்று கேளுங்கள். விதியை நீங்கள் சொல்வதைவிட அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வது மனத்தில் நிற்கும்.

நாளைக்கே செய்யக்கூடிய ஒரு நடவடிக்கை

இரண்டு விலைப்பட்டியல் அட்டைகள் தயாரியுங்கள். இரண்டிலும் சிற்றுண்டிச்சாலை உணவுகள் ஆறு: நாசி லெமாக், மீ கோரேங், கறிபாப், ரொட்டி, மைலோ, சிராப். முதல் அட்டையில் மூன்றுக்கு மட்டும் விலை. இரண்டாம் அட்டையில் மற்ற மூன்றுக்கு விலை. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக்கூடாது. ஆங்கிலத்தில் விலை கேட்டு, தன் அட்டையை நிரப்ப வேண்டும். அடுத்த கட்டம்: “உங்கள் இருவரிடமும் சேர்த்து 7 ரிங்கிட் இருக்கிறது. என்ன வாங்குவீர்கள்?” இப்போது விலை கேட்டவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், ஒத்துப்போக வேண்டும், மறுக்கவும் வேண்டும்.

இதில் பேசுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது: எனக்குத் தெரியாதது உன்னிடம் இருக்கிறது. மெல்லப் பயிலும் மாணவனுக்குக் கேள்வி வாக்கியம் எழுதிய துண்டுத்தாள் கொடுங்கள். விரைந்து பயிலும் மாணவனுக்குத் துண்டுத்தாள் வேண்டாம்; ஏன் அதை வாங்குகிறாய் என்று காரணமும் கேளுங்கள்.

“ஜோடியா விட்டா தமிழ்லயே பேசிடுறாங்க டீச்சர்” என்பது பலரின் குறை. திட்டமிட ஒரு நிமிடம் தமிழில் பேசட்டும், அதில் தவறில்லை. ஆனால் அட்டையை நிரப்பும் பேச்சும், பிறகு வகுப்பின் முன் சொல்லும் முடிவும் ஆங்கிலத்தில் என்பதை முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

காத்திருங்கள், பிறகு திருத்துங்கள்

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதைக் கவனித்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. பதில் சொல்வோரும் கூடினர். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்த நேரம் இன்னும் அவசியம். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அல்லது தனியே சிந்தி, நண்பனிடம் சொல், பிறகு வகுப்பில் சொல் என்ற மூன்று படியைக் கையாளுங்கள்.

“யெஸ்டர்டே ஐ கோ ஷாப்” என்று ஒரு மாணவன் சொன்னால் உடனே நிறுத்தாதீர்கள். “ஓ, யூ வெண்ட் டு தி ஷாப்? வாட் டிட் யூ பை?” என்று கேளுங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை. நடவடிக்கை முடிந்ததும் பொதுவான மூன்று தவறுகளைப் பெயர் குறிப்பிடாமல் பலகையில் எழுதித் திருத்துங்கள். தமிழில் ‘கடைக்கு’ என்னும்போது ‘கு’ பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் ‘டு’ முன்னால் வருகிறது. ‘தி’ என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. அதனால்தான் இரண்டும் விடுபடுகின்றன. இந்த ஒரு நிமிடத் தமிழ் விளக்கம் பத்துப் பயிற்சித்தாளை மிச்சப்படுத்தும்.

மாணவர்கள் பேசும் நேரம்தான் வகுப்பறை மதிப்பீட்டுக்கும் உகந்த நேரம். ஒரு பாடத்தில் ஆறு பேரை மட்டும் கவனித்துக் குறிப்பெடுங்கள். நான்கு பாடங்களில் 24 பேரும் முடிந்துவிடுவார்கள். ஆறேழு பேரே உள்ள சிறிய பள்ளி என்றால், ஐந்தாம் ஆண்டு மாணவரை மூன்றாம் ஆண்டு மாணவரோடு வாசிப்புத் தோழராக இணைத்துப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவரும் கற்கிறார்.

எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களே,

உங்கள் ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள் உண்டு. பேச்சுத் தேர்வுக்கு இருவராகச் செல்வீர்கள். முதலில் நேர்காணல், அடுத்துத் தனியாகப் பேசுவது, பிறகு இருவரும் கலந்துரையாடுவது. மனனம் செய்த பேச்சு மூன்றாம் பகுதியில் உதவாது. நண்பர் என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? வாரம் இருமுறை ஒரு நண்பரோடு உட்காருங்கள். ஒரு தலைப்பு, ஐந்து நிமிடம். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். நண்பர் சொன்னதைத் தொட்டு நீங்கள் பதில் சொன்னீர்களா, அல்லது உங்கள் பாட்டுக்குப் பேசினீர்களா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். இலக்கணம் அடுத்து.

எழுத்துத் தாளின் முதல் பகுதி ஏறக்குறைய 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல். அதையும் நண்பருக்கு உண்மையாகவே அனுப்பிப் பழகுங்கள். அவர் பதில் எழுதட்டும். படிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுத்து தானாகச் சீராகும்.

ஆசிரியர்களே, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த வாரம் ஒரே ஒரு பாடத்தில் ஒரே ஒரு ஜோடி நடவடிக்கை போதும். வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சத்தத்தில் இதுவரை வாய் திறக்காத ஒரு குரல் கேட்கிறதா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.