டீசல் என்ஜின் கிளம்ப மறுக்கிறதா?

பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனப் பகுதிகளான பல்லடம், காங்கயம், உடுமலை வட்டாரங்களில் வாய்க்கால் நீர் மண்டல முறைப்படி, முறை வைத்தே வருகிறது. மற்ற காலத்தில் கிணற்று நீரே துணை. மின்சாரம் கிடைக்காதபோது கை கொடுப்பது டீசல் என்ஜின். வீட்டு இளைஞர்கள் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டால், தோட்டத்தில் உள்ள பெரியவர்களே அதைக் கையால் சுழற்ற வேண்டியுள்ளது. காரணம் அறியாமல் சுழற்றினால் நேரம் வீணாகும், கையும் முறியலாம்.

முதல் சோதனை

பம்பின் பெல்ட்டைக் கழற்றவும். எரிபொருளை நிறுத்தும் கைப்பிடியை 'நிறுத்து' நிலையில் வைக்கவும். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, என்ஜினை மெதுவாகச் சுழற்றவும். இந்த லீவர் வால்வைத் திறந்து வைப்பதால், உள்ளே காற்று அழுத்தப்படாது. என்ஜின் எளிதில் சுழல வேண்டும்.

அப்போதும் கடினமாக இருந்தால், கோளாறு என்ஜினுக்குள் உள்ளது. எண்ணெயின் அளவையும், அது கையேட்டில் குறித்த ரகம்தானா என்பதையும் பார்க்கவும். சிறிதும் அசையாவிடில் பிஸ்டன் இறுகியிருக்கலாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். வலிந்து சுழற்றாமல் மெக்கானிக்கை அழைக்கவும்.

எளிதாகச் சுழன்று, பெல்ட்டை மாட்டியதும் கடினமானால், குறை பம்பில் உள்ளது. கிளாண்டை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறதா எனப் பார்க்கவும்.

லீவரை இறக்கிய பின்னும் எளிதாகவே சுழன்றால் அழுத்தம் கசிகிறது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே டீசலை எரிக்கிறது. வால்வு, பிஸ்டன் வளையம், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றைச் சரிபார்க்கச் செய்யவும்.

சுழல்கிறது, ஆனால் கிளம்பவில்லையா?

டேங்கில் டீசல் தீர்ந்து மீண்டும் ஊற்றினால், குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். ஃபில்டரில் உள்ள காற்றுப்போக்கித் திருகைச் சற்றுத் தளர்த்தவும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் முடுக்கவும். டீசல் வராவிட்டால் ஃபில்டர் அடைபட்டிருக்கும். நம் பகுதியில் பனியன் வேஸ்ட் துணியால் டேங்கைத் துடைப்பது உண்டு. அதன் நூலிழைகளும் ஃபில்டரை அடைக்கும். என்ஜினின் வெளிப்புறத்தை மட்டும் அதனால் துடைக்கவும். ஏர்ஃபில்டரில் தூசியும், நெடுநாள் ஓடாத என்ஜினின் புகைக்குழாயில் குளவிக் கூடும் உள்ளனவா எனவும் பார்க்கவும்.

கைக்குப் பாதுகாப்பு

சில வேளை என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். எனவே கட்டைவிரலால் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளவும். துண்டு, முந்தானை தொங்கக் கூடாது. கைப்பிடி மாட்டும் தண்டில் கிரீஸ் தடவி வைத்தால், கிளம்பியதும் அது தானே கழன்றுவரும். லீவரைத் தூக்கியபடி வேகமாகச் சுழற்றி, நல்ல வேகம் வந்த பின்னரே இறக்கவும்.

நான்கைந்து முறை முயன்றும் கிளம்பாவிடில் நிறுத்தி, மேற்சொன்ன வரிசையில் மீண்டும் சோதிக்கவும். பலத்தைவிட வரிசையே பலன் தரும்.