வேலை மாறினால் பறையைப் பரணில் போடலாமா?

மில் வேலை, கடை வேலை, கம்பெனி வேலை... நிலத்தை விட்டு வேறு வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதலில் கைவிடுவது, ஆசையாகக் கற்ற கலையைத்தான். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வழி இருக்கிறது.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. மேலே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் காபியும் மலைவாழையும் விளைகின்றன. கீழே மானாவாரியில் சோளம், பருத்தி. கிணற்றில் தண்ணீர் இருந்தால் காய்கறி, முருங்கை. மழை ஏமாற்றும் வருடங்களில் இந்தப் பக்கத்து இளைஞர்கள் வேடசந்தூர் நூற்பாலைகளுக்கும், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். ஒயிலாட்டம், தேவராட்டம், தப்பாட்டம், கும்மி என்று ஊரில் கற்றதெல்லாம் அத்தோடு நின்றுபோகிறது. சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் இரண்டு பேர் குறைந்தாலே வரிசை உடைந்துவிடும்.

நிலம் கொடுத்த நேரம்

மானாவாரி விவசாயிக்கு ஐப்பசி, கார்த்திகையில் நிமிர நேரம் இருக்காது. தை மாதம் அறுவடை முடிந்தால் நிலம் காலியாகிவிடும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோயில் திருவிழாக்கள் வருவதும் அப்போதுதான். நாட்டுப்புறக் கலைகள் விவசாயத்தின் ஓய்வு மாதங்களில்தான் வளர்ந்தன. அந்த நேரத்தை யாரும் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

மில்லுக்கும் கடைக்கும் இந்தக் கணக்கு கிடையாது. பங்குனியிலும் அதே ஷிப்ட், கார்த்திகையிலும் அதே ஷிப்ட். அதனால் கலைக்கான நேரத்தை இனி வீடுதான் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். 'வேலையில் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்தால், அதற்குள் கை பழக்கம் விட்டுப்போகும். கூட ஆடியவர்களும் கலைந்துபோவார்கள்.

விடாமல் பிடித்தவர்கள்

கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர் கி.ராஜநாராயணன். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர். ஊர்க் கதைகளையும் கரிசல் மக்களின் சொற்களையும் சேகரித்துக்கொண்டே இருந்தார். முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகமே நாட்டுப்புறவியலுக்காக அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

மேலாண்மை பொன்னுசாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மேலாண்மறைநாட்டில் பலசரக்குக் கடை நடத்திக்கொண்டே எழுதினார். 2007-ல் அதே விருது. உருளைக்குடியைச் சேர்ந்த சோ.தர்மன் நூற்பாலையில் வேலை பார்த்தபடி சிறுகதைகள் எழுதியவர். ஒரு கண்மாயையும் அதை நம்பிய சம்சாரிகளையும் பற்றி அவர் எழுதிய 'சூல்' நாவலுக்கு 2019-ல் விருது வந்தது.

எல்லோருக்கும் விருது வராது. ஆனால் மூவரின் அடுப்பும் எரிந்தது நிலத்தாலும் கடையாலும் ஆலையாலும்தான். எழுத்து சோறு போடும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சோறு போடவில்லை என்று அதை விட்டுவிடவும் இல்லை.

தையலும் உண்டு, தப்பும் உண்டு

திண்டுக்கல்லிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், படிப்பை இடையில் நிறுத்திய தலித் பெண்கள் தப்பாட்டம் கற்றார்கள். கூடவே தையல் போன்ற கைத்தொழிலும் கற்றார்கள். சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கிவைத்த தப்பை, பெண்கள் மேடையில் தலைநிமிர்ந்து அடித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதியின் பேரால் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து தப்பிக்கத்தான் பல குடும்பங்கள் பறையைக் கீழே வைத்தன. அந்தக் கட்டாயத்தை மறுப்பது அவர்களின் உரிமை. வேறு வேலையில் சம்பளம் வரும்போது அந்தப் பிள்ளை, எங்கே அடிப்பது, எங்கே மறுப்பது என்று தானே முடிவு செய்ய முடியும்.

வேலை தேடும்போது கவனிக்க

* ஷிப்ட் வாராவாரம் மாறும் வேலையில் 'தினம் மாலை 6 மணி' என்ற பயிற்சி நிற்காது. 'ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்ததும் அரை மணி நேரம்' என்று வைத்துக்கொண்டால் நிற்கும்.

* வேலையில் சேரும்போதே வார விடுமுறை எந்த நாள், திருவிழாவுக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் காலத்தில், காலையில் வேலை தேடலும் படிப்பும், மாலையில் கலையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'ஆட்டம் போட்டே கெட்டான்' என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

* வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது.

* புதுத் தொழில் கற்க, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தை அணுகலாம். பயிற்சி இலவசம்.

முழுநேரமாக இறங்கலாமா?

பறை இசைக்காக 2025-ல் பத்மஸ்ரீ பெற்ற மதுரை வேலு ஆசானைப் பார்த்து, 'நாமும் வேலையை விட்டுவிடலாம்' என்று தோன்றலாம். அவருடைய பெயருக்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. முதலில் ஒரு முழு வருடம் நோட்டுப் போட்டு எழுதிப் பாருங்கள். தையிலிருந்து ஆடி வரை எத்தனை நிகழ்ச்சி, ஆளுக்கு எவ்வளவு மிஞ்சியது, வண்டி வாடகை போக என்ன நின்றது என்று குறியுங்கள். மழைக்காலத்திலும் மார்கழியிலும் அந்தப் பணத்தில் குடும்பம் ஓடியதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் வேலையை விட வேண்டாம்.

யாரைக் கேட்பது?

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் கல்வி, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு உதவி கேட்கலாம். வேறு வேலைக்குப் போகிறவர்கள், பதிவுக்கு என்ன நிபந்தனை என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் விருதுகளும் தருகிறது: 18 வயது வரை 'கலை இளமணி', 19 முதல் 35 வரை 'கலை வளர்மணி'. 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்களில் வார விடுமுறை வகுப்புகள் உண்டு. விவரங்களைக் கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஊரில் குழு இருந்தால், வெளியூர் வேலைக்குப் போனவர்களின் விடுமுறை நாட்களை வாங்கி, பங்குனித் திருவிழா ஒத்திகையை அதற்கேற்ப மாசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.