கடல் உள்ளே போச்சு!

சென்ற பவுர்ணமியன்று குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். காலையில் பார்த்தால், கடல், 50 அடிக்கு மேல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகளாய் தெரிந்தன. 2004 சுனாமி ஞாபகம் வந்து, எனக்கு கை, காலெல்லாம் உதறியது.

சங்கு விற்ற ஆச்சி, 'பயப்படாத தாயி... அமாவாசை, பவுர்ணமின்னா இப்படித்தான் வத்தும். மத்தியானம் பெருகிரும். பாறையில மட்டும் புள்ளைய ஏத்தாத...' என்றார்.

குஜராத், காம்பத் வளைகுடாவில் கடல், 10 மீட்டர் வரை ஏறி, இறங்குமாம். தூத்துக்குடி பக்கம், 1 மீட்டர் கூட இல்லையாம். கரையோரம் ஆழமில்லாததால், இவ்வளவு தூரம் விலகுகிறதென, ஒன்பதாவது படிக்கும் மகள் விளக்கினாள்.

அதைக் கேட்டு நின்ற நேரத்தில், போட்டோ எடுக்க பாறையில் ஏறிய சின்னவன், வழுக்கி விழுந்து, முழங்காலில் ஒரே ரத்தம். ஆச்சிதான் ஓடி வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கழுவி, கட்டுப் போட்டார்.

மதியம் போய் பார்த்தேன். அவன் விழுந்த பாறையையே காணோம்.

— ஒரு வாசகி, சேலம்.