கோடைச் சுற்றுலாவின் கணக்கு ஏட்டைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

ஈராண்டுகளுக்கு முந்தைய கோடை விடுமுறை. கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வாசலில் எங்கள் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்குப் பதினொன்று. அறை, வண்டி, நுழைவுச்சீட்டு அனைத்தையும் நானே முடிவு செய்திருந்தேன். ஊருக்குப் புறப்படும் நாள்வரை பிள்ளைகளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்காமல் செய்தால்தான் வியப்பாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வாசலைக் கடந்த அரை மணி நேரத்திலேயே முதல் சிக்கல் எழுந்தது. பெரிய ராட்டினங்களில் ஏறக் குறைந்தது 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மகனின் உயரம் 137. அந்த விதி பூங்காவின் இணையதளத்திலேயே இருந்தது, படிக்காதவன் நான். மகளோ உயரமான ராட்டினங்களைப் பார்த்து முகம் சுளித்தாள். பிற்பகல் மூன்று மணிக்குத் தலை வலிக்கிறது, அறைக்குப் போகலாம் என்றாள். "இத்தனை ஆயிரம் கட்டியிருக்கிறோம், இன்னும் பாதிகூடப் பார்க்கவில்லையே" என்று சொல்லி, வெயிலில் இன்னும் இரண்டு மணி நேரம் சுற்ற வைத்தேன். அன்றிரவு அவளுக்கு வாந்தியும் காய்ச்சலும். மறுநாள் மருத்துவமனையில் கழிந்தது.

வணிகவியல் படித்தவன் நான். செலவழித்துத் திரும்பப் பெற இயலாத பணத்தை 'மூழ்கிய செலவு' என்பார்கள். அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது முதலாண்டுப் பாடம். தேர்வில் எழுதிய அந்த விடையை என் மகளின் நெற்றிச் சூட்டை வைத்தே நான் மீண்டும் கற்க நேர்ந்தது. காய்ச்சல் தணிந்தபின் அவள் ஒன்று சொன்னாள்: "எனக்கு உயரம் என்றால் பயம், அப்பா. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்."

அடுத்த ஆண்டுக் கோடைச் சுற்றுலாவை அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்கினோம். பதின்பருவப் பிள்ளைகள் உள்ள வாடிக்கையாளர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதன் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

தொகை முதலில், இடம் பிறகு

நம்மில் பெரும்பாலோர் முதலில் இடத்தை முடிவு செய்கிறோம். பிறகு பணத்தைத் தேடுகிறோம். நாங்கள் வரிசையை மாற்றினோம். அவ்வாண்டு ஜூன் மாதமே மாதம் 4,000 ரூபாய் வீதம் ஒன்பது மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினேன். ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டி, காலாண்டுக் கூட்டு எனக் கொண்டால், கட்டிய 36,000 ரூபாய் மார்ச்சில் ஏறத்தாழ 36,980 ரூபாயாக முதிரும். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி, காலத்துக்குக் காலம் மாறும். கணக்கு போடும் முறை மாறாது.

அதே 36,000 ரூபாயை ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டியில் தனிநபர் கடனாகப் பெற்று, ஒன்பது தவணைகளில் அடைப்பதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,237 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,130 ரூபாய். ஒருபுறம் கிடைக்கும் வட்டி, மறுபுறம் கொடுக்கும் வட்டி இரண்டையும் சேர்த்தால் வேறுபாடு 3,100 ரூபாயைத் தாண்டுகிறது. எங்கள் பயணத்தில் அது இருவரின் பூங்கா நுழைவுச்சீட்டுக்குச் சமம். மாதம் நான்காயிரம் ஒதுக்குவது இரு வழியிலும் ஒன்றுதான். முன்னால் ஒதுக்குகிறோமா, பின்னால் ஒதுக்குகிறோமா என்பதே கேள்வி.

வைப்பு மார்ச்சில் முதிருமாறு அமைத்ததற்குக் காரணம் உண்டு. இரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. மே மாதப் பயணத்திற்கு மார்ச்சில் சீட்டு எடுத்தாக வேண்டும். பணம் கைக்கு வரும் மாதமும் முன்பதிவு திறக்கும் மாதமும் ஒன்றாக அமைவது நலம்.

தாளும் பேனாவும் பிள்ளைகளிடம்

மார்ச் முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு மாலை, இருவரையும் அமர வைத்து, "நம்மிடம் இருப்பது 37,000 ரூபாய். எங்கே, எப்படி என்பதை நீங்கள் எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றேன். வீட்டின் வரம்பை இவ்வளவு வெளிப்படையாகப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு என் மனைவிக்குச் சிறு தயக்கம் இருந்தது. எனக்கும் இருந்தது. பணம் போதவில்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்னும் தயக்கம்தான் அது.

அவர்கள் நினைத்தது வேறு. மகன் முதலில் கேட்டது, "இது உங்கள் ஒரு மாதச் சம்பளமா?" என்று. அல்ல, ஒன்பது மாதம் சேர்த்தது என்று விளக்கியபின், தாளில் ஒவ்வொரு வரியையும் சற்று மெதுவாகவே எழுதினான்.

நாங்கள் பெங்களூருவில் வசிக்கிறோம். 2005 முதல் பிடதி அருகே இயங்கிவரும் வொண்டர்லாவுக்கு இருவரும் பள்ளியுடன் சென்றுவந்துவிட்டார்கள். ஆகவே வெளியூர்களைப் பட்டியலிட்டார்கள். மும்பை – புனே விரைவுச்சாலையை ஒட்டி, கோபோலி அருகே 2013இல் தொடங்கிய இமேஜிகா. கொல்கத்தாவில் 1991 முதல் இயங்கும் நிக்கோ பார்க். ஹைதராபாத்தில் ராமோஜி திரைப்பட நகரமும், 2016இல் திறக்கப்பட்ட வொண்டர்லாவும். இரயில் கட்டணத்தை எழுதியவுடன் முதல் இரண்டும் அடிபட்டன. எஞ்சியது ஹைதராபாத்.

ஹைதராபாத் வென்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1996இல் நிறுவப்பட்டு, உலகின் மிகப் பெரிய திரைப்பட நகரமாகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றுள்ள ராமோஜி நகரம், ராட்டினங்களை மட்டும் நம்பிய இடமன்று. 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பேருந்தில் அழைத்துச் சென்று படப்பிடிப்பு அரங்குகளைக் காட்டுகிறார்கள். உயரத்திற்கு அஞ்சும் மகளுக்கு அது. பின்னோக்கிப் பாயும் 'ரீகாயில்' ரோலர் கோஸ்டர் உள்ள வொண்டர்லா, அதற்குள் 143 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்ட மகனுக்கு. ஒரு வீட்டில் இரு பதின்பருவத்தினர் இருந்தால் அவர்கள் விருப்பம் ஒன்றாக இருக்கும் என்று கொள்வது பிழை. ஒரு நாள் ஒருவருக்கு, மறுநாள் மற்றவருக்கு என்று பிரிப்பது எளிது.

வரம்புக்குள் வந்த விதம்

முதல் வரைவு 46,000 ரூபாயைத் தொட்டது. ஒன்பதாயிரத்தைக் குறைக்க வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் அவர்களே குறைத்தார்கள்.

பகல் இரயிலை விட்டு இரவு இரயிலின் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியைத் தேர்ந்தார்கள். கட்டணம் குறைந்ததோடு, தங்கும் இரவுகளும் இரண்டாகக் குறைந்தன. நகரின் நடுவே பார்த்திருந்த இரு அறைகளுக்குப் பதிலாக, எல்.பி. நகர்ப் பக்கம் நால்வர் தங்கும் ஒரே அறை. ராமோஜி நகரம் விஜயவாடா நெடுஞ்சாலையில் உள்ளது. வொண்டர்லா ரவிரியாலாவில், வெளிவட்டச் சாலையை ஒட்டியுள்ளது. இரண்டும் நகருக்கு வெளியே இருப்பதால், அறை நடுநகரில் இருந்தால் வாடகை வண்டிக்கே பெருந்தொகை போய்விடும். இதை நிலப்படத்தில் கண்டுபிடித்தவள் மகள்.

கடைசியாக, வரிசையில் நில்லாமல் விரைவாக ஏறுவதற்கான கூடுதல் கட்டணச் சீட்டு. மகன் அதை விடுவதாக இல்லை. சனிக்கிழமைக்குப் பதிலாகப் புதன்கிழமை சென்றால் வரிசையே குறைவாக இருக்குமே என்று அக்காள் எடுத்துச் சொன்னபின் தானே அடித்துவிட்டான். முடிவில் எங்கள் தாள் இவ்வாறு நின்றது:

இரயில், போக வர – 9,000
அறை, இரண்டு இரவு – 5,000
இரு பூங்காக்களின் நுழைவுச்சீட்டு, நால்வருக்கு – 11,000
உள்ளூர்ப் போக்குவரத்து – 4,000
உணவு – 5,000
எதிர்பாராச் செலவு – 3,000
மொத்தம் – 37,000 ரூபாய்

இவை அவ்வாண்டு எங்கள் குடும்பத்தின் கணக்கு மட்டுமே. கட்டணங்கள் நாளுக்கு நாள் வேறுபடும். வார நாளுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று என்றும் இருக்கும். கடைசிக்கு முந்தைய வரியை மட்டும் எவரும் நீக்கிவிட வேண்டாம். அந்த வரி இல்லாத திட்டம் முதல் மழையிலோ முதல் மாத்திரையிலோ குலைந்துவிடும்.

சீட்டு எடுக்கும் முன்

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். பல பூங்காக்களில் குழந்தைக்கான கட்டணமும் வயதைக் கொண்டு அல்லாமல் உயரத்தைக் கொண்டே முடிவாகிறது. விலையில் வரி சேர்ந்துள்ளதா, தேதியை மாற்ற இயலுமா, பணம் திரும்புமா என்பவற்றைப் பணம் செலுத்தும் முன் படியுங்கள். பொதுத்தேர்வு எழுதிய மாணவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டைக் காட்டினால் தள்ளுபடி தரும் வழக்கம் சில பூங்காக்களில் உண்டு, கேட்பதில் இழப்பில்லை. நீர் விளையாட்டுகளில் பருத்தி ஆடைக்கு அனுமதி இராது. அங்கேயே வாங்கினால் இரட்டைச் செலவு. வெளி உணவையும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஆகவே உணவுக்கான தொகையைத் தாராளமாகவே ஒதுக்குங்கள்.

கோடைக்காலத்தில் போலி இணையதளங்களும் பெருகுகின்றன. தேடுபொறியில் முதலில் தோன்றும் விளம்பரத்தைச் சொடுக்காமல், பூங்காவின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பாதி விலைச் சீட்டு என்று வரும் குறுஞ்செய்தி இணைப்புகளைத் திறக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி எவரேனும் யுபிஐ பின் எண்ணைக் கேட்டால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது.

பிள்ளைகள் கையில் பணம்

பதின்பருவப் பிள்ளை ஒவ்வொரு குளிர்பானத்திற்கும் தந்தையிடம் கை நீட்டுவது இருவருக்கும் சங்கடம். இதற்கு இப்போது முறையான வழிகள் உள்ளன. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பத்து வயது நிறைந்த சிறார், வங்கி வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுத் தாமே சேமிப்புக் கணக்கையும் கால வைப்பையும் தொடங்கி இயக்கலாம். அக்கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க இயலாது. ஆகவே கடன் பற்றிய அச்சம் வேண்டாம்.

இன்னொன்று, 2024இல் அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்'. உங்கள் கணக்கிலிருந்து குடும்பத்தார் ஒருவர் செலுத்த நீங்கள் அனுமதி அளிக்கலாம். முழு அனுமதியில் ஒரு முறைக்கு 5,000 ரூபாயும் மாதத்திற்கு 15,000 ரூபாயும் உச்சவரம்பு. அதற்குள் நீங்கள் விரும்பும் சிறு வரம்பை வைக்கலாம். பகுதி அனுமதியில் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும். பூங்காக்களுக்குள் தொலைபேசி இணைப்பு தடுமாறும் இடங்களும் உண்டு என்பதால், சிறிது ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

நாங்கள் உணவுத் தொகையிலிருந்தே ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்து, கேள்வி கேட்பதில்லை என்று உறுதியளித்தோம். கேட்காமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது.

அந்த இரு நாள்கள்

ஹைதராபாத்தின் மே மாத வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆகவே முற்பகலில் வெட்டவெளி ராட்டினங்கள், உச்சி வேளையில் கூரையுள்ள அரங்கும் உணவும், பிற்பகலில் நீர் விளையாட்டு என்று வகுத்துக்கொண்டோம். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ப்பொட்டலங்கள் பையில் இருந்தன. எவர் எப்போது போதும் என்றாலும் அனைவரும் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே செய்த உடன்பாடு.

புதன்கிழமை நான்கு மணிக்கு மகள் என்னைப் பார்த்தாள். "போதும், அப்பா." நீர் விளையாட்டில் இரண்டு எஞ்சியிருந்தன. சீட்டின் விலை என் நாக்கின் நுனிவரை வந்தது. எழுந்து நடந்தோம். மகன் ஏதும் சொல்லவில்லை. 'ரீகாயிலில்' அவன் அதற்குள் மூன்று முறை ஏறியிருந்தான்.

வியாழனன்று சாலார் ஜங் அருங்காட்சியகத்தையும் சார்மினாரையும் பார்த்துவிட்டு இரவு இரயில் ஏறினோம். வண்டி புறப்பட்டதும் மகள் கணக்கு ஏட்டை எடுத்தாள். எதிர்பாராச் செலவில் 1,850 ரூபாய் மீதம். இரயில், அறை, வண்டி எல்லாம் வரம்புக்குள் இருந்தன. ஒரே ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டிருந்தாள்: 'அப்பாவின் தேநீரும் சமோசாவும் – 640.'

மீதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். இருவரும் பேசி முடித்து வைத்திருந்தார்கள் போலும். அடுத்த ஜூன் தொடர் வைப்பின் முதல் தவணையில் அதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.