12 நிமிட மூக்கு

'பேச்சாளர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்த கதவுக்குள் நுழைந்தே விட்டேன்! கழுத்தில் தொங்கிய அட்டையில் 'உடன் வந்தவர்' என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு கையில் லேப்டாப், தோளில் அக்காவின் கைப்பை, மறு கையில் இஸ்திரி போட்ட பட்டுப் புடவை. இவ்வளவு சுமக்கிறவளை எந்த ஊர்க் காவலாளி தடுப்பான்?

அக்கா என் பெரியம்மா மகள். நெல்லைக்காரி. மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜன். இத்தாலியில் போலோஞா நகரத்தில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு செய்வதுதான் தலைப்பு. கொடுத்த நேரம் 12 நிமிடம்.

முந்தின ராத்திரி ஹோட்டல் அறையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கட்டில் முழுக்க குறிப்புத் தாள்கள், கெட்டிலில் வெந்த நூடுல்ஸ், ஜன்னல் கம்பியில் காயும் துண்டு. அக்கா கொண்டு வந்தது 61 ஸ்லைடு. செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டுப் பேசினாள். 27 நிமிடம் ஆனது. வெட்ட ஆரம்பித்தோம். வயிற்றைக் கிழித்துத் தைக்கிறவளுக்கு ஒரு படத்தை வெட்ட மனசு வரவில்லை. "நாய் கடிச்ச பையன்ட்டி இவன். இவனை எப்படிட்டி எடுக்க?" கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்தவர்களின் படங்கள்தான் எல்லாம். இருந்தாலும் ஆள் அடையாளம் தெரியாமல் கண்ணை மறைத்துவிடலாமே என்றேன். "கண்ணை மறைக்கலாம். முகமே மூக்குல இருக்குல்லா!" என்றாள். விடிவதற்குள் 22 ஸ்லைடு மிஞ்சியது.

சரி, அந்தக் கதவுக்குள் என்னதான் இருந்தது? கல்யாண வீட்டு மணமகள் அறைதான், கோட்டு சூட்டில்! வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஆளில்லாத காபிக் கோப்பைகள், அறுபது வயது ஆசாமி ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேச்சு ஒப்பித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் நிறையப் பளபளக்கும் தாள் சுற்றிய சாக்லேட். நான் நான்கு சாப்பிட்டேன். (ஐந்து.)

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. அடுத்து மேடையேற வேண்டிய ஒரு மருத்துவரின் கோட்டுப் பொத்தான் அறுந்து உருண்டோடியது. அறையில் குறைந்தது பத்து பிளாஸ்டிக் சர்ஜன்கள். தலைமயிரைவிட மெல்லிய நூலை மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிற விரல்கள். ஆனால் ஒருத்தரிடமும் ஊசி நூல் இல்லை! எல்லோரும் குனிந்து பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். உள்பக்கமாகக் குத்திக்கொண்டு என்னை அப்படிக் கும்பிட்டார், ஏதோ உயிரையே காப்பாற்றியதுபோல.

அடுத்த சங்கடம் எங்களுடையது. காலர் மைக்குக்கு ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு, பெல்ட்டில் மாட்டுவார்களாம். புடவையில் ஏது பெல்ட்? ஒலிக்காரப் பையன் தர்மசங்கடமாகக் கூரையைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் அக்காவைத் தள்ளிப்போய் உள்பாவாடை நாடாவில் முடிந்துவிட்டேன். அவள் முதுகு ஈரமாக இருந்தது. எட்டு மணி நேர ஆபரேஷனில் வேர்க்காதவள்! உள்ளங்கையை என் முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

மேடையோரம் இருட்டில், வயர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல் எனக்குக் கிடைத்தது. இதைவிட நல்ல இடம் உண்டா! தரையில் வைத்த கடிகாரம் 12:00 என்று காட்டிவிட்டு இறங்க ஆரம்பித்தது.

அக்கா ஒரு வண்டிக்காரரிடமிருந்து தொடங்கினாள். காவஸ்ஜி. ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டியவர். திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தவர். புனே பக்கத்தில் ஒருவர் மெழுகால் மூக்குக்கு அளவெடுத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, தோலை வெட்டிக் கீழே திருப்பி, புது மூக்கு செய்தார். 1794-ல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் பத்திரிகையில் இது வெளியானது. இதைக் கேள்விப்பட்ட ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814-ல் லண்டனில் அதே முறையைச் செய்தார். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே கன்னத்துத் தோலை வெட்ட இலையால் அளவெடுக்கச் சொன்னவர் சுஸ்ருதர்.

"இலை, மெழுகு... இப்போ நான் எதால் அளக்கிறேன் பாருங்கள்" என்று வீடியோவைத் தட்டினாள். திரை கறுப்பு. மறுபடி தட்டினாள். கறுப்பு. ஒலிக்காரப் பையன் என்னைத் தாண்டி ஓடினான். கடிகாரம் 7:40, 7:39...

எனக்கு அடிவயிறு கலங்கியது. அக்கா சாவகாசமாக முந்தானை மடிப்புக்குள் கைவிட்டு ஒரு சாக்லேட் தாளை எடுத்தாள். (அவளும் தின்றிருக்கிறாள்!) தன் மூக்கின் மேல் வைத்து அழுத்தினாள். வெள்ளி மூக்கு! அரங்கம் சிரித்தது. தாளைப் பெயர்த்து, விரித்து, தலைகீழாக நெற்றியில் ஒட்டி, புருவங்களுக்கு நடுவே விரலை வைத்தாள். இந்தக் காம்பு வழியாகத்தான் ரத்தம் ஓடும். இது அறுந்தால் மூக்கு செத்துப்போகும் என்றாள். ஆபரேஷன் தியேட்டரில் தையல் நூல் வரும் பாக்கெட்டின் உள்தாள்தான் அவளுக்கு அளவுகோலாம். சிரித்தவர்கள் இப்போது எட்டிப் பார்த்தார்கள். காம்பை வெட்டும்வரை, மூக்கைத் தொட்டால் சிலருக்கு நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும் என்றதும் முன்வரிசைக்காரர் ஒருவர் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். கடிகாரத்தில் 0:14 மிச்சம்.

இறங்கி வந்ததும் முதல் வார்த்தை: "ஏட்டி, நாடா முடிச்சை அவுரு. மூச்சு முட்டுது."

மறுநாள் பழைய பல்கலைக்கழகக் கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோவுக்கு இழுத்துப் போனாள். முழுக்க மரத்தாலான உடற்கூற்று அரங்கம். நடுவில் பிணத்தைக் கிடத்துகிற பளிங்கு மேசை. 1944 குண்டுவீச்சில் நொறுங்கியதைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் நிற்கும் சிலைகளில் ஒன்றின் கையில் ஒரு மூக்கு! காஸ்பரே தாலியாகோட்சி, இந்த ஊர்க்காரர். மேல்கைத் தோலால் மூக்கு செய்து, 1597-ல் அதற்கென்றே புத்தகம் போட்டவர். தோல் ஒட்டும்வரை நோயாளியின் கையை முகத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவாராம், வாரக்கணக்கில்.

அக்கா அந்த மர மூக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்லா. கையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு அந்த மனுசன் எப்படித் தூங்கியிருப்பான்?"

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானும் முழங்கையை மடக்கித் தூக்கி, மேல்கையை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் தாங்கவில்லை.