சுற்று வேகத்தைப் பிடித்து வைப்பது எது?

பிஸ்டன் எஞ்சினால் பறக்கும் சிறு விமானத்தில் புரொப்பெல்லரின் இதழ்கள் ஒரே கோணத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தால், ஓடுபாதையிலிருந்து எழும்புவதற்கு ஏற்ற கோணம் உயரத்தில் விரைந்து பறப்பதற்கு ஒத்துவராது. விரைவுப் பறத்தலுக்கு ஏற்ற கோணமோ எழும்பும் வேளையில் எஞ்சினைத் திணறவைக்கும். மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றுவதைப் போல, பறந்துகொண்டிருக்கும்போதே இதழ்களின் கோணத்தை மாற்றி, விமானி குறித்துக் கொடுத்த சுற்று வேகத்தில் எஞ்சினை நிறுத்திவைக்கும் ‘மாறாவேகப் புரொப்பெல்லர்’ இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. அதை ஆள்வது கவர்னர் எனப்படும், கைக்கு அடக்கமான ஒரு வேகக் கட்டுப்படுத்தி. தொழிற்சாலையில் தயாராகிச் சான்றிதழ் பெற்ற விமானங்களில் இக்கருவியும் எஞ்சினும் புரொப்பெல்லரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என முன்பே சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆர்வலர் ஒருவர் தம் கொட்டகையில் கட்டி முடித்த விமானத்தில் அந்தப் பொருத்தத்துக்கு அவரே பொறுப்பு என்பதால், அங்கே கவர்னர் கோளாறு என்று பேசப்படுபவற்றில் பல, உண்மையில் கவர்னருக்கு வெளியே இருக்கும் கோளாறுகளாகவே முடிகின்றன.

வேகக் கட்டுப்படுத்தியின் அடிப்படைக் கருத்து விமானத்தைவிட மிகப் பழையது. 1788 வாக்கில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சினில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தி, வேகம் கூடினால் அவை விரிந்து நீராவியைக் குறைக்குமாறு செய்தார். இத்தகைய கருவிகள் சில வேளைகளில் வேகத்தை நிலைநிறுத்தாமல் மாறி மாறிக் கூட்டியும் குறைத்தும் அலைக்கழிப்பது ஏன் என்பதை 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணிதத்தால் ஆராய்ந்தார். இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியலின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்த ஆய்வு மதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் நீர்ச்சக்கரங்களுக்குக் கவர்னர் செய்துவந்த உட்வர்டு நிறுவனம், 1930களில் விமானப் புரொப்பெல்லருக்கும் அதைச் செய்யத் தொடங்கியது. பறக்கும்போதே கோணம் மாற்றக்கூடிய புரொப்பெல்லரை உருவாக்கியதற்காக ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கும், குறிப்பாக அதன் பொறியாளர் ஃபிராங்க் கால்டுவெல்லுக்கும் 1933-ஆம் ஆண்டின் காலியர் விருது கிடைத்தது.

இன்றைய கருவியின் உள்ளமைப்பு வாட்டின் குண்டுகளிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை. எஞ்சினின் பற்சக்கரத்தால் சுழலும் தண்டில் இரண்டு சிறு எடைகள் கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். அவை வெளியே விரிய முயல, விமானியின் நெம்புகோலால் அழுத்தப்படும் ஒரு ஸ்பிரிங் அவற்றை உள்ளே தள்ளும். இவ்விரு விசைகளும் சமமாக இருக்கும் வேகமே விமானி கேட்ட வேகம். வேகம் கூடினால் எடைகள் விரிந்து ஒரு வால்வை உயர்த்தும். கவர்னருக்குள் இருக்கும் பற்சக்கர பம்பு எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தி, உட்குழிவான கிராங்க் ஷாஃப்ட் வழியே புரொப்பெல்லரின் குடத்துக்கு அனுப்பும். அங்கே ஒரு பிஸ்டன் நகர்ந்து இதழ்களை அகலக் கோணத்துக்குத் திருப்ப, காற்றை வெட்டும் சுமை கூடி வேகம் பழைய நிலைக்குத் திரும்பும். வேகம் குறைந்தால் எண்ணெய் வடிந்து, குடத்திலுள்ள ஸ்பிரிங்கும், சுழற்சியால் இதழ்களில் தானே எழும் முறுக்குவிசையும் அவற்றைக் குறுகிய கோணத்துக்குக் கொண்டுசெல்லும்.

ஒற்றை எஞ்சின் விமானங்களில் பரவலான இந்த ஏற்பாட்டில், எண்ணெய் அழுத்தம் அறவே இல்லாமற்போனால் இதழ்கள் குறுகிய கோணத்துக்குப் போகின்றன. சாகசப் பறத்தலுக்கான புரொப்பெல்லர்களில் எதிரெடைகள் சேர்க்கப்பட்டு இந்த ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டிருக்கும். தலைகீழாகப் பறக்கும்போது எண்ணெய் ஓட்டம் தடைபட்டாலும் எஞ்சின் கட்டுமீறிச் சுழன்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒரு வகைக்கான கவர்னரை மற்ற வகையில் பொருத்தினால் வேகம் கூடக்கூட இதழ்கள் தவறான திசையில் திரும்பும் என்பதால், பழைய விமானத்திலிருந்து கழற்றி விற்கப்படும் கவர்னரை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, மாதிரி எண்ணை.

அமெரிக்காவில் அமெச்சூர் கட்டுமானம் என்ற பிரிவில் பதிவாக வேண்டுமானால், விமானத்தின் பெரும்பகுதி வேலையைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும். 1953-இல் பால் போபெரெஸ்னி தொடங்கிய ஆர்வலர் சங்கமும், வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசைப் பாகத் தொகுப்புகளும் இவ்வகை விமானங்களை ஆயிரக்கணக்கில் பெருக்கின. அவற்றுள் பலவற்றில் இருப்பது 180 குதிரைத்திறனும் நிமிடத்துக்கு 2,700 சுற்றுகள் என்ற உச்ச வரம்பும் கொண்ட லைகமிங் ஓ-360 எஞ்சின்.

புதிதாகக் கட்டிய விமானத்தில் மிகுதியாகக் கேட்கும் புகார், தரையில் நிறுத்தி முழு விசை கொடுத்தால் எஞ்சின் 2,700 சுற்றுகளை எட்டவில்லை என்பதாகும். இதைக் கேட்டதும் கவர்னரின் உச்ச வேகத் திருகாணியைத் திருப்பிவிடுவது எளிது, ஆனால் பெரும்பாலும் வீண். விமானம் நகராதபோது, இதழ்கள் குடத்தினுள் உள்ள குறுங்கோணத் தடுப்பில் முட்டி நின்றாலும் எஞ்சின் சுமையால் சற்றுக் குறைந்த வேகத்திலேயே சுழலும். அந்நேரத்தில் வேகத்தைப் பிடித்து வைப்பது அந்த உலோகத் தடுப்புதானே தவிர, கவர்னர் அன்று. விமானம் ஓடி வேகமெடுத்த பிறகே கவர்னர் ஆட்சிக்கு வருகிறது. அப்போது புரொப்பெல்லர் நெம்புகோலைச் சற்றே பின்னிழுத்த உடனே சுற்று வேகம் குறைந்தால் வரம்பிடுவது கவர்னர். சிறிது தூரம் இழுத்தும் மாற்றமில்லை என்றால் வரம்பிடுவது தடுப்பு. இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கவர்னரைக் கழற்றுபவர்கள் நேரத்தையும் தபால் செலவையும் இழக்கிறார்கள். கவர்னர்தான் காரணம் என உறுதியான பின், எஞ்சினை நிறுத்தித் திருகாணியைத் திருப்பலாம். முழுச் சுற்று ஒன்றுக்குச் சுமார் 20 முதல் 25 சுற்றுகள் வரை வேகம் மாறும். குடத்தின் தடுப்பு காரணமென்றால் அது புரொப்பெல்லர் பணிமனையின் வேலை.

அதற்கும் முன்னதாக, சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் உண்மை பேசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். சுழல்கம்பியால் இயங்கும் பழைய வகை, தேய்மானத்தால் 50 முதல் 100 சுற்றுகள் வரை பிசகிக் காட்டுவது வியப்பன்று. மின்னணு வகையிலோ ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்ற அமைப்பைத் தவறாகக் கொடுத்திருந்தால் முழுக் கணக்கும் பொய்யாகும். புரொப்பெல்லரை நோக்கிப் பிடித்து அளக்கும் ஒளியியல் மானி நல்ல சாட்சி. குழல்விளக்கின் துடிப்பு அதைக் குழப்பும் என்பதால் பகல் வெளிச்சத்தில் அளக்க வேண்டும். முள் ஆடியும் புரொப்பெல்லரின் ஒலி சீராக இருந்தால் குறை மானியில்தான் என்று காதே சொல்லிவிடும்.

ஒலியும் சேர்ந்து ஏறி இறங்கினால், அதுவே மேக்ஸ்வெல் ஆராய்ந்த அலைக்கழிப்பு. வேகம் மிகுந்தது என்று கவர்னர் திருத்துகிறது. எண்ணெய் தாமதமாகப் போய்ச் சேர்வதால் திருத்தம் தேவைக்கு மேல் போய்விடுகிறது. பின் எதிர்த்திசையில் மீண்டும் அதுவே நடக்கிறது. தாமதத்துக்கான காரணங்களுள் எளியது குடத்தில் சிக்கிய காற்று. புதிதாகப் பொருத்திய புரொப்பெல்லரில் இது இயல்பு. எஞ்சின் சூடேறியபின் நெம்புகோலைச் சில முறை பின்னிழுத்து முன்தள்ளினால் தீர்ந்துவிடும். குளிரில் தடித்த எண்ணெய், கிராங்க் ஷாஃப்டின் உட்குழிவில் படிந்த கசடு, இதழின் அடித்தாங்கிகளில் உராய்வு, கவர்னரின் வால்வில் சிக்கிய துகள் ஆகியவை அடுத்தடுத்த சந்தேகங்கள். எஞ்சினே ஒழுங்காக எரியாமல் விசை ஏறியிறங்குகிறதா என்பதையும் பிரித்தறியலாம். நெம்புகோலை முழுதும் முன்தள்ளி, எஞ்சின் விசையைக் குறைத்தால் இதழ்கள் தடுப்பில் போய் நின்று கவர்னர் ஆட்டத்திலிருந்து விலகிவிடும். அப்போதும் வேகம் தள்ளாடினால் கவர்னரைக் குறைசொல்ல இடமில்லை.

வீட்டில் கட்டிய விமானத்துக்கே உரிய குறைகள் பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கின்றன. நெம்புகோலிலிருந்து கவர்னர் வரை செல்லும் கேபிளைத் தாங்கும் பட்டை வளைந்து கொடுத்தால், விமானி முழுதும் தள்ளியும் கவர்னரின் கைப்பிடி அதன் உச்ச நிறுத்தத்தைத் தொடாது. அக்கைப்பிடி நிறுத்தத்தைத் தொட்ட பின்னும் விமானி அறையில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அசைவு எஞ்சியிருக்குமாறு கேபிளை அமைப்பது நல்ல நடைமுறை. கவர்னருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட்டில் துகள் வடிகட்டும் வலை இருக்கிறது. வலையில்லாத கேஸ்கட்டோ துளை பொருந்தாததோ வைத்தால் பழுதை விலைகொடுத்து வாங்கியதாகும். அதேபோல, நிலைக்கோணப் புரொப்பெல்லரோடு ஓடிய எஞ்சினை மாறாவேகத்துக்கு மாற்றும்போது, கிராங்க் ஷாஃப்டின் முன்வாயில் இருக்கும் அடைப்பை நீக்கி, உள்ளே பின்பக்கத்தில் முழு அடைப்பு ஒன்று வைக்க வேண்டும். அந்தப் பின்னடைப்பு இல்லாவிட்டால் அழுத்தமேற்றிய எண்ணெய் குடத்துக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே வழிந்துவிடும். கவர்னர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதழ் அசையாது.

பற்சக்கர விகிதமும் கவனத்துக்குரியது. லைகமிங் எஞ்சின்களில் கவர்னர் தண்டு, எஞ்சின் வேகத்தின் 0.866 மடங்கில் சுழலும் அமைப்பும் 0.895 மடங்கில் சுழலும் அமைப்பும் உண்டு. முதல் வகைக்கு 2,700 சுற்றில் சரிசெய்யப்பட்ட கவர்னரை இரண்டாம் வகையில் பூட்டினால், எஞ்சின் ஏறத்தாழ 2,610 சுற்றுகளிலேயே கட்டுண்டுவிடும். இது பழுதே அன்று, கணக்கு.

எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கட்டுப்பட்டு நடக்கும் புரொப்பெல்லர், சூடேறியதும் நெம்புகோலுக்குச் செவிசாய்க்காமல் வேகம் மிகுந்து சுழன்றால், கசிவை ஐயுற வேண்டும். எண்ணெய் கிராங்க் ஷாஃப்டுக்குள் நுழையும் இடம் எஞ்சினின் முன் தாங்கி. அங்கு இடைவெளி கூடியிருந்தால் சூட்டில் இளகிய எண்ணெய் பம்பு அனுப்பும் வேகத்துக்கு ஈடாகவே வெளியேறிவிடும். கவர்னரை மாற்றியும் இக்குறை தீராதபோது பலருக்கு அது எஞ்சின் பிரித்துப் பார்க்கும் செலவாக முடிகிறது; ஆகவே கழற்றும் முன் எண்ணெய் வழியில் அழுத்தக் கசிவுச் சோதனை செய்வது மலிவு. வேகமீறலைச் சிறிதென ஒதுக்க முடியாது: மையவிலக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 2,700 சுற்றுக்குப் பதில் 2,970 சுற்று ஓடினால், அதாவது 10 சதவீதம் மிகுந்தால், இதழைக் குடத்திலிருந்து இழுக்கும் விசை 21 சதவீதம் கூடிவிடும். எவ்வளவு மீறல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பொறுத்து எஞ்சின், புரொப்பெல்லர் தயாரிப்பாளர்கள் தனித்தனியே ஆய்வு விதிகளை வகுத்திருக்கிறார்கள். கவர்னர் எஞ்சினின் பின்பக்கத்தில் இருந்து, வெளிக்குழாய் வழியே எண்ணெய் முன்னே செல்லும் வகைகளில், அந்தக் குழாய் முறிந்தால் இழப்பது புரொப்பெல்லர் கட்டுப்பாட்டை மட்டுமன்று, எஞ்சினின் எண்ணெய் முழுவதையும் சில நிமிடங்களில் இழக்க நேரும்.

இத்தனையையும் கடந்து குறை கவர்னரிலேயே என்று தெரிந்தால், அதைப் பிரிப்பது கட்டியவரின் மேசையில் செய்யத்தக்க வேலை அன்று. அதற்கான சோதனை மேடையில், உரிய வேகத்திலும் சூட்டிலும் எண்ணெய் ஓட்டி, பம்பின் அளவும் வால்வின் கசிவும் அளக்கப்பட வேண்டும். எஞ்சின் எண்ணெயில் உலோகத்துகள் தென்பட்டிருந்தால் கவர்னரோடு புரொப்பெல்லரின் குடத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்; இரண்டும் ஒரே எண்ணெயைக் குடித்தவை என்பதால், ஒன்றை மட்டும் சுத்தம் செய்து பூட்டினால் மற்றதில் தங்கிய துகள் முதல் பறத்தலிலேயே திரும்பி வந்து சேரும்.