கடல்பாசி கற்றுத்தரும் இரும்புப் பாடம்!

‘நிலக்கடலையில் இளம் இலைகள் வெளுத்துப் போகின்றன. மண்ணில் அன்னபேதி உப்பு போட்டும் பச்சை திரும்பவில்லை. கடல்பாசித் திரவம் தெளித்தால் சரியாகுமா?’

சுண்ணாம்பு மண்ணில் கடலை போடும் விவசாயிகளுக்கு வழக்கமாக வரும் சந்தேகம் இது. பதிலைக் கடல்பாசியிடமிருந்தே தொடங்கலாம். உங்கள் கடலைச் செடி படும் அதே பாட்டைத்தான் அதுவும் படுகிறது.

கடல்நீரின் பி.ஹெச் அளவு 8-க்குச் சற்று மேல். சுண்ணாம்பு மண்ணிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இந்தக் காரத்தன்மையில் இரும்பு துருவாக மாறி, நீரில் கரையாமல் போய்விடும். நடுக்கடலின் மேல்மட்டத்தில், பல இடங்களில் 1,000 லிட்டர் நீரில் 1 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இரும்புகூடக் கிடையாது. மண்ணில் இரும்பு ஏராளம். ஆனால், செடிக்கு எட்டாமல் பூட்டிக் கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ‘டயட்டம்’ பாசிகள் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. கரையாத வடிவ இரும்பைத் தங்கள் உடல் மேற்பரப்பிலேயே கரையும் வடிவத்துக்கு மாற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கடலை வேரும் இதே வேலையைத்தான் செய்கிறது. சுண்ணாம்பு மண்ணில் உள்ள பைகார்பனேட் அதைத் தடுத்துவிடுகிறது.

சில டயட்டம்களில் ‘ஃபெரிட்டின்’ என்ற புரதம் இருப்பது 2009-ல் தெரியவந்தது. உள்ளீடற்ற பந்து போன்ற இது, சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடைத்துவைக்கும். நெல்லுக்குக் குதிர் மாதிரி! இரும்பு கிடைக்கும்போது சேமித்து, கிடைக்காத நாளில் எடுத்துப் பெருகுகின்றன.

அதே 2009-ல், இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் தென் பெருங்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் முதற்கட்டமாக 10 டன் அன்னபேதியைக் கரைத்துவிட்டார்கள். பாசி பெருகியது. ஆனால், டயட்டம் பெருகவில்லை. அதன் ஓட்டுக்குத் தேவையான சிலிக்கா அந்த நீரில் போதவில்லை. எது குறைகிறதோ, அதைக் கொடுத்தால்தான் பலன்.

எனவே, முதலில் இலையைப் பாருங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி வெளுத்தால் இரும்புப் பற்றாக்குறை. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

இரும்புதான் குறை என்றால், மண்ணில் போடாமல் இலைக்கே கொடுங்கள். 10 லிட்டர் நீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு 50 கிராம் அன்னபேதி சேர்த்து, மாலையில் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளிக்கலாம். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். பழுப்பாகிவிட்ட கரைசல் துருவாகிவிட்டது, பயன்படாது. வயலில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

கடல்பாசித் திரவம் வளர்ச்சியைத் தூண்ட உதவும். ஆனால், அதிலுள்ள இரும்பு மிகக் குறைவு. வெளுத்த கடலைக்கு அதை மட்டும் நம்பிச் செலவு செய்யாதீர்கள்.